நீலப் பக்கத்துச் சிவப்புத் துணி

இந்தக் காலத்தில் ஒரு பொருள் கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல ஆள் கிடையாது. கெட்டதைக் கண்ணால் பார்த்தவன் வாயைத் திறக்க மாட்டான். திறந்தாலும் "கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்" என்பான். யார் கவனத்துக்கு என்று கேட்டால் ஒரு படிவத்தை நீட்டுவான். அந்தப் படிவத்தை வாங்கிக்கொள்கிறவன் அதற்கு ஒரு எண் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று கை கழுவப் போய்விடுவான். கெட்ட பொருள் கெட்டபடியே தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும். படித்தவர்கள் அதிகம் கூடின இடத்தில் இது இன்னும் மோசம்.

கொக்கியார் இதை முப்பத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அந்தப் பெயர் தொழிலால் வந்தது. மேடைக்கு மேலே விளக்கோ பெட்டியோ திரையோ, எது தொங்கினாலும் அதைத் தாங்குகிற சங்கிலியும் கொக்கியும் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. சட்டைப் பையில் கட்டைவிரல் பருமனில் ஒரு மரத்துண்டு வைத்திருப்பார். கொக்கியின் வாயில் அதைச் செருகிப் பார்ப்பார். இறுகி நின்றால் கொக்கி நல்லது. லொடலொடவென்று ஆடினால், பாரம் தாங்கித் தாங்கி வாய் விரிந்துபோன கொக்கி என்று அர்த்தம். அதில் இனிமேல் சட்டைகூட மாட்டக் கூடாது என்பார்.

அந்த வருஷம் அவர் வேலைக்குப் போன இடம் பாடகர், பாடகி இருவரின் ஊர்வலம். ஊர்வலம் என்றால் நடந்து போவது இல்லை. நாற்பது லாரியில் மேடையை ஏற்றிக்கொண்டு மைதானம் மைதானமாகப் போவது. பாடகரும் பாடகியும் புருஷன் பெண்டாட்டி. ஆளுக்கு ஒரு மைதானத்தைத் தனியாகவே நிரப்பக் கூடியவர்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துச் சேர்ந்து பாடுவது என்று முடிவானது. முடிவெடுத்தது அவர்களா, அவர்கள் வக்கீல்களா என்பது தெரியாது. ஒப்பந்தம் நானூற்றுச் சொச்சம் பக்கம். அதன் முதல் வரி இது: ஒருவருக்கு உள்ளது மற்றவருக்கும் உண்டு, ஒருவருக்கு இல்லாதது மற்றவருக்கும் இல்லை.

கேட்பதற்குக் கல்யாண வாழ்த்து மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

அந்த வரியைக் காப்பாற்றுவதற்காகவே சரிசமப் பிரிவு என்று ஒன்று இருந்தது. பதினாலு பேர், பக்கத்துக்கு ஏழு. பாடகர் பக்கம் நீலம், பாடகி பக்கம் சிவப்பு. மைதானத்தை நடுவே கோடு கிழித்துப் பிரித்திருந்தார்கள். நீல வாசலில் ஒரு வண்டி நுழைந்தால் சிவப்பு வாசலிலும் ஒரு வண்டி நுழைய வேண்டும். விளம்பரப் பலகையில் இரண்டு முகத்தையும் அளவுநாடா வைத்து அளந்தார்கள். பாடகியின் மூக்கு கொஞ்சம் நீளம் என்பதால் பாடகரின் மூக்கை இழுத்து வரைந்திருந்தார்கள்.

ஒரு நாள் மேடைக்குப் பின்னால் பாடகி இருமினாள். பாடகர் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். பதினோரு வருஷப் பழக்கம், கை தானாக நீண்டுவிட்டது. சரிசமப் பிரிவு ஓடி வந்தது. பத்து நிமிஷம் கழித்துப் பாடகரை இருமச் சொல்லி, பாடகி கையால் தண்ணீர் கொடுக்க வைத்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. பாடகி பாட்டிலை நீட்டும்போது அவள் கண் எங்கேயோ இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒத்திகைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

ஒத்திகைக்கு நகல் ஜோடி உண்டு. அசல் ஜோடியின் உயரம், எடை, நடை எல்லாம் பொருந்த வேண்டும். அவர்களும் புருஷன் பெண்டாட்டியாகவே இருக்க வேண்டும் என்பது இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். எங்கெங்கோ தேடிவிட்டுக் கடைசியில் கொக்கியாரின் மகளையும் மாப்பிள்ளையையும் பிடித்தார்கள். மகள் தையல் பிரிவில் இருந்தாள். மாப்பிள்ளை விளக்குப் பிரிவில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவர். நகல் ஆன மறுநாளே மாப்பிள்ளை தலையைச் சாய்த்து நடக்க ஆரம்பித்தார்.

"கழுத்து பிடிச்சுக்கிச்சா மாப்பிள்ளை?" என்று கொக்கியார் கேட்டார்.

"இல்ல மாமா. அவரு இப்படித்தான் நடப்பாரு."

"அவருக்குப் பிடிச்சிருக்கும். நீங்க ஏன் அவஸ்தைப்படறீங்க?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது மாமா. ரெண்டாவது பாட்டுல நான் மேல போறப்ப பாருங்க. அசல் எது, நகல் எதுன்னு உங்களுக்கே தெரியாது."

மேலே போவதுதான் நிகழ்ச்சியின் உச்சம். மேடையின் இரண்டு ஓரத்திலும் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு கம்பிக்கயிறு. நான்கும் மேலே ஒரே கொக்கியில் சேரும். கொக்கியை மோட்டார் இழுக்கும். நீலத் தட்டில் பாடகர், சிவப்புத் தட்டில் பாடகி. இரண்டு மாடி உயரத்தில் தட்டுகள் நெருங்கி வந்து இரண்டு பேரும் கை கோத்துக்கொள்வார்கள். நாலு விநாடி. ஐந்தாவது விநாடியில் யார் கையை முதலில் விடுவது என்பதற்குத் தனியாக ஒரு பக்கம் இருந்தது.

நிகழ்ச்சிக்கு நாலு நாள் இருக்கும்போது கொக்கியார் நீலப் பக்கத்துக் கொக்கியில் மரத்துண்டைச் செருகினார். துண்டு நழுவி அவர் காலடியில் விழுந்தது.

எடுத்து மறுபடி செருகினார். மறுபடி விழுந்தது. சிவப்புப் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே இறுகி நின்றது. திரும்பி வந்து, இடுப்பில் வைத்திருந்த சிவப்புத் துணியை நீலப் பக்கத்துக் கொக்கியில் கட்டினார். இந்தத் தொழிலில் சிவப்புத் துணி கட்டினால் தொடாதே என்று பொருள். அது தெரியாமல் எவனும் மேடைக் கூரையின் கீழ் நடமாட முடியாது. அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

அரை மணியில் சரிசம அதிகாரி வந்தாள். முப்பது வயது, கழுத்தில் விநாடி பார்க்கும் கடிகாரம்.

"ஐயா, நீலப் பக்கத்துல சிவப்பு வந்திருக்கே."

"கொக்கி கெட்டுப்போச்சும்மா. ஆள் ஏறக் கூடாது. அதுக்குத்தான் துணி."

"அது சரி. ஆனா சிவப்பு பாடகியோட நிறம். பாடகர் பக்கத்துல அது தொங்கினா என்ன அர்த்தம் வரும்?"

"ஏறினா செத்துருவான்னு அர்த்தம் வரும்."

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு, பிரச்சினைக்குத் தீர்வு காண்பதே தன் வேலை என்றாள். தீர்வையும் உடனே கண்டாள். ஒரு நீலத் துணியைக் கொண்டுவரச் சொல்லிச் சிவப்புப் பக்கத்து நல்ல கொக்கியில் கட்டினாள். இரண்டு பக்கமும் துணி ஆடியது. அவள் தூரத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, "இப்ப சரியா இருக்கு" என்றாள்.

"துணி சரியா இருக்கும்மா. கொக்கி?"

"அதுக்குக் குறைப் படிவம் இருக்கு. ஆனா படிவம் ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான். சிவப்புப் பக்கத்துல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல."

"அப்ப எடுத்துக்க முடியாதே. நீலப் பக்கம் மட்டும் குறைன்னு எழுதினா பாடகரை மட்டம் தட்டின மாதிரி ஆகும். கொஞ்சம் நல்லாப் பாருங்க ஐயா, எதாவது இருக்கும்."

"நல்லா இருக்கற கொக்கியைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல. நேர்மையாப் பாருங்கன்னு சொல்றேன்."

கொக்கியார் ஸ்டோருக்குப் போனார். ஸ்டோர்க்காரன் அவருடைய பழைய கூட்டாளி. பெட்டியைத் திறந்து காட்டினான். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய புதுக் கொக்கி, மஞ்சள் பெயின்ட் பளபளத்தது. மரத்துண்டு கச்சிதமாக நின்றது.

"ஒண்ணுதானா?"

"ரெண்டு வந்துச்சு. ஒண்ணை ஆபீஸ்ல இருந்து வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"எதுக்கு?"

"கேக்கணும்னா நீ போய்க் கேளு. எனக்கு ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது."

கேட்டார். அப்படி ஒன்று எடுத்ததாகப் பதிவே இல்லை என்றாள் சரிசம அதிகாரி. ஒரே ஒரு புதுக் கொக்கி இருக்கிறது என்றால் அதைப் போட முடியாது என்றும் சொன்னாள். ஒருவருக்குப் புதுசு, மற்றவருக்குப் பழசா? ஜோடியாகத்தான் வரவழைக்க வேண்டும், பதினோரு நாள் ஆகும்.

"அம்மா, ஒண்ணு செய்யலாம். புதுசு மேல கிரீஸும் கரியும் பூசிடறேன். அந்த உயரத்துல பழசு மாதிரிதான் தெரியும். ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் முகம் வாடிவிட்டது. "ஐயா, இது நேர்மையான நிறுவனம். ஜனங்களை ஏமாத்தற வேலை இங்க நடக்காது."

மறுநாள் அவரை ஊர்வல இயக்குநரிடம் அழைத்துப் போனார்கள். பார்த்த இடம் மைதானத்தின் நடுக்கோடு. இயக்குநர் ஒரு காலை நீலத்திலும் ஒரு காலைச் சிவப்பிலும் வைத்து நின்றார். நல்ல மனுஷர் மாதிரிதான் பேசினார்.

"பெரியவரே, உங்க அக்கறையை நான் மதிக்கிறேன். பாதுகாப்புல நாங்க சமரசமே பண்ண மாட்டோம். போன மாசம் பாதுகாப்புக்கு எங்களுக்கு விருது குடுத்தாங்க. விருது ரெண்டா வாங்கினோம், தெரியுமா? ஒண்ணு பாடகர் வீட்டுல, ஒண்ணு பாடகி வீட்டுல. இப்ப உங்க பிரச்சினை என்ன? ஆபத்து ஒரு பக்கம் மட்டும் இருக்கு. அதுதான் தப்பு. ஆபத்து இருக்கறது தப்பில்ல, எங்கயும் இருக்கு. ஒருத்தர் தலையில மட்டும் இருக்கக் கூடாது. அதனால இன்னைக்கு நீலப் பக்கம் இருக்கற கொக்கியை நாளைக்குச் சிவப்புப் பக்கம் மாத்துங்க. அடுத்த நாள் திரும்ப இந்தப் பக்கம். ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. இதைவிட நியாயம் உலகத்துல எங்கயாவது உண்டா?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். இரண்டு பக்கத்தவர்களும் ஒரே அளவு.

"யார் மாத்தறது?" என்று கேட்டார் கொக்கியார்.

"நீங்கதான். உங்க தொழிலாச்சே."

கொக்கியார் நிமிர்ந்து பார்த்தார். சிவப்புத் தட்டின் ஓரத்தில் அவருடைய மகள் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து, பாவாடை விளிம்பில் பிரிந்த தையலைப் பல்லால் கடித்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் மாத்த மாட்டேன்" என்றார்.

"சரி. அப்ப இருக்கற இடத்துலயே இருக்கட்டும்" என்று இயக்குநர் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அவர் மகளையும் மாப்பிள்ளையையும் லாரிகளுக்கு நடுவே நிறுத்திப் பேசினார்.

"நாளைக்கு ஏறாதீங்க. ரெண்டு பேரும்."

"துணி கட்டிட்டாங்களே மாமா, ரெண்டு பக்கமும்."

"துணியா மாப்பிள்ளை உங்களைத் தாங்கப்போகுது?"

"அப்பா, நீ எதுலதான் குறை பாக்கல? எங்க கல்யாண மேடை ஆடுதுன்னு தாலி கட்டற நேரத்துல அடியில போய்ப் படுத்தவன் நீ" என்றாள் மகள்.

"ஆடுச்சே."

"விழலையே."

"நான் ஆப்பு வெச்சேன், விழல."

மாப்பிள்ளை தலையைச் சாய்த்துக்கொண்டே சொன்னார். "நான் ஏறலன்னா வேற ஜோடியைக் கூட்டிட்டு வருவாங்க மாமா. அந்த ரெண்டு பேருக்கும் ஒரு மாமனார் இருப்பாரு. அவருக்கு இதெல்லாம் பாக்கத் தெரியுமோ என்னவோ. நீங்க இருக்கீங்கன்னுதான் நான் தைரியமா ஏறறேன்."

கொக்கியார் மாப்பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்தார். நக்கலா நிஜமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் ஒத்திகை மதியம் மூன்று மணிக்கு. இரண்டு மணிக்கே கொக்கியார் போய் நீலத் தட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். இறங்கச் சொன்னார்கள், இறங்கவில்லை. பக்கத்துக்கு ஒருவராகக் காவலாளிகள் வந்தார்கள். அக்குளில் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கி, நடுக்கோடு பிசகாமல் கொண்டுபோய்த் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அங்கே சரிசம அதிகாரி அவர் கையில் ஒரு காகித உறையைக் கொடுத்தாள். உள்ளே அவருடைய சிவப்புத் துணி, நாலாக மடித்து, எண் போட்டு இருந்தது. ஒத்திகையில் படம் எடுப்பதால் துணிகளை அவிழ்க்க உத்தரவு. சிவப்பை அவிழ்த்தாயிற்று, நீலத்தை அவிழ்க்க ஏணி வரவில்லை, வந்ததும் அவிழ்த்துவிடுவார்கள், மன்னிக்க வேண்டும் என்றாள்.

பாட்டு ஆரம்பித்தது. இரண்டு தட்டும் ஒரே வேகத்தில் ஏறின. மாப்பிள்ளை தலையைச் சாய்த்து ஒரு கையை விரித்தார். சும்மா சொல்லக் கூடாது, தூரத்திலிருந்து பார்க்க அசலாகத்தான் இருந்தார். மகள் எதிர்த் தட்டிலிருந்து கை நீட்டினாள்.

கொக்கி உடையவில்லை. வாய் இன்னும் கொஞ்சம் திறந்தது, அவ்வளவுதான். நான்கு கயிறும் ஒவ்வொன்றாக வழுக்கி வெளியே வந்தன. மகள் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

அவளை உடனே இறக்க முடியவில்லை. இரண்டு தட்டும் சேர்ந்துதான் இறங்கும் என்று பொத்தானை அமைத்திருந்தார்கள். ஒன்று ஏற்கெனவே இறங்கிவிட்டதால் இயந்திரத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் மேலே நின்று புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நீல வாசலில் ஆம்புலன்ஸ் தயாராக இருந்தது. மாப்பிள்ளையை ஏற்றினார்கள். கதவை மூடினார்கள். வண்டி நகரவில்லை.

"ஏன் நிக்குது? எடுக்கச் சொல்லுங்க" என்று கொக்கியார் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"சிவப்பு வாசல் வண்டி டீசல் போடப் போயிருக்கு ஐயா. இப்ப வந்துரும்" என்றாள் சரிசம அதிகாரி.  அவள் கடிகாரத்தைக் கையிலிருந்து விடவில்லை. "நீல வாசல்ல ஒரு வண்டி வெளிய போனா சிவப்பு வாசல்லயும் போகணும். எனக்கு அதிகாரம் இல்ல ஐயா."

பத்தொன்பது நிமிஷம். பிறகு இரண்டு ஆம்புலன்ஸும் இரண்டு வாசலிலும் ஒரே விநாடியில் புறப்பட்டன. ஒன்றில் மாப்பிள்ளை. மற்றதில் ஒருவரும் இல்லை. இரண்டிலும் சங்கு ஊதியது.

மாப்பிள்ளையின் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் கால் மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்தக் கால் மணி எங்கே நின்றது என்று கொக்கியாருக்குத் தெரியும்.

பாடகரும் பாடகியும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு பூ, ஆளுக்கு ஏழு நிமிஷம். முதலில் பாடகி. ஆறாவது நிமிஷத்தில் அவள் அழுதுவிட்டாள். நிஜமாகத்தான் அழுதாள், மூக்கெல்லாம் சிவந்துவிட்டது. அடுத்து வந்த பாடகரின் காதில் யாரோ ஏதோ சொன்னார்கள். ஆறாவது நிமிஷத்தில் அவரும் கைக்குட்டையை எடுத்தார். மாப்பிள்ளைக்கு அப்போது நினைவு இல்லை. இரண்டு பேரையும் அவர் பார்க்கவில்லை.

எல்லாரும் போன பிறகு மகள் தாழ்வாரத்து பெஞ்சில் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளையும் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். நகல் புருஷன் இல்லாமல் நகல் பெண்டாட்டி மட்டும் இருந்தால் சமம் ஆகாது.

"கொக்கியை என் பக்கம் மாத்தச் சொன்னாங்களாமே" என்றாள்.

"சொன்னாங்க."

"நீ மாட்டேன்னியாமே."

"மாத்தியிருந்தா நீ நின்ன தட்டு."

"அது எனக்குத் தெரியும்." உள்ளே போகிற கதவைப் பார்த்துக்கொண்டு, "அவருக்கும் தெரியும்பா. நீ மாத்த மாட்டேன்னது ஏறும்போதே தெரியும். ஸ்டோர்க்காரர் சொல்லியிருக்காரு" என்றாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நிகழ்ச்சி சொன்ன தேதியில் நடந்தது. தட்டு இல்லை. பக்கத்துக்குப் பதினாறு படி வைத்து இரண்டு மரப்படிக்கட்டு அடித்திருந்தார்கள். பாடகரும் பாடகியும் படியேறிப் போய்க் கை கோத்துக்கொண்டார்கள். மைதானம் எழுந்து நின்று கை தட்டியது. பறக்கவில்லையே என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

அடுத்த வாரம் விசாரணை. கொக்கியாரை இயக்குநரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். அறை மைதானத்தின் மாடியில் இருந்தது. மேஜையின் இரண்டு பக்கமும் சம அளவு ஜன்னல். சரிசம அதிகாரியும் இருந்தாள். இயக்குநர் அறிக்கையை வாசித்தார்.

"எங்க நடைமுறையில எந்தப் பிசகும் இல்ல. ரெண்டு வண்டியும் ஒரே விநாடியில புறப்பட்டிருக்கு, அதுல எங்களுக்குப் பெருமை. விபத்துக்குப் பொறுப்பை ரெண்டாப் பிரிச்சிருக்கோம். பாதி கொக்கி மேல. பாதி உங்க மேல. நாங்க சொன்னபடி நீங்க மாத்தியிருந்தா அன்னைக்கு நீலப் பக்கத்துல கெட்ட கொக்கி இருந்திருக்காது. அந்தப் பையன் நல்லா நடந்துட்டு இருந்திருப்பான். இது உண்மையா இல்லையா, நீங்களே சொல்லுங்க."

"உண்மைதான்" என்றார் கொக்கியார்.

"கொக்கி கையெழுத்துப் போட முடியாது. நீங்க போட்டா விஷயம் முடிஞ்சுரும்."

பேனாவை நீட்டினார்கள். அதை வாங்கக் கை நீட்டியவர் அப்படியே நின்றார். இயக்குநரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு கோட்டு மாட்டியிருந்தது. கோட்டின் கழுத்துக்கு மேலே மஞ்சளாக ஏதோ பளபளத்தது.

கொக்கியார் மேஜையைச் சுற்றிக்கொண்டு போனார். கோட்டை எடுத்து மடித்து நாற்காலியின் மேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து மரத்துண்டை எடுத்துச் செருகினார். கச்சிதமாக நின்றது.

"அது அலங்காரத்துக்கு" என்றார் இயக்குநர். "வந்ததுல ஒண்ணு. பாக்க லட்சணமா இருந்துச்சு, மாட்டினோம். எதிர்ச் சுவத்துக்கு இன்னொண்ணு வேணும்னு எழுதிப் போட்டிருக்கேன். ஒண்ணு மட்டும் இருக்கறது எனக்கும் உறுத்தலாத்தான் இருக்கு."

சரிசம அதிகாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொக்கியார் மரத்துண்டை எடுத்துப் பையில் போட்டார். கோட்டைப் பிரித்து, தூசி தட்டி, மறுபடி கொக்கியில் மாட்டினார்.

"நல்ல கொக்கி சார்" என்றார். "உங்க கோட்டு விழாது."

பேனாவை அவர் தொடவில்லை. மாடிப்படி இறங்கும்போது சரிசம அதிகாரி பின்னாலேயே ஓடி வந்தாள். "ஐயா, நியாயம்தான் நடந்திருக்கு. ரெண்டு பக்கமும் பாத்துத்தான் எழுதியிருக்கோம். நம்புங்க ஐயா. கொஞ்சம் நில்லுங்க, நீங்க நீல வாசல்ல போனா சிவப்பு வாசல்ல யாரையாவது அனுப்பணும்."

அவர் நிற்கவில்லை. நீல வாசலுக்கும் போகவில்லை, சிவப்பு வாசலுக்கும் போகவில்லை. குப்பை வண்டி போகிற பின் வழியாக வெளியே வந்தார். அந்த வழிக்கு நிறம் கிடையாது. பையில் உறை இருந்தது, உறைக்குள் எண் போட்ட துணி.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையின் குறுக்கே ஊர்வலத்தின் அலங்கார வளைவு நின்றது. மேலே இரண்டு முகங்கள், ஒரே அளவு, ஒரே நீளத்தில் மூக்கு. ஜனங்கள் அதன் கீழே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். கொக்கியார் நிமிர்ந்து பார்த்தார். அந்த வளைவை எதில் மாட்டியிருக்கிறார்கள், யார் பார்த்து மாட்டினார்கள் என்று அவருக்குத் தெரியாது. அதனால் சாலையை விட்டு இறங்கி, சாக்கடையைத் தாண்டி, சுற்றிக்கொண்டு போனார்.